சிறிய கேபினெட்: எது அடங்கும், எது அடங்காது?

கேபினெட் விளம்பரங்களில் இப்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது லிட்டர் கணக்குதான். 7.2 லிட்டர், 10.4 லிட்டர், 18.25 லிட்டர் என்று தண்ணீர் கேன் விற்பதுபோல எழுதியிருப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும் வெளிப்புறக் கொள்ளளவு அது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மிட் டவர் கேபினெட் 40 லிட்டரைத் தாண்டும். 20 லிட்டருக்குக் கீழே வந்தால்தான் 'சிறியது' என்று ஆர்வலர்கள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பேசுவதற்கு வசதியான கோடு. ஆனால் நம் கையில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு உள்ளே போகுமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

இரண்டு கேபினெட்டுகளை எடுத்துக்கொள்வோம். லியான் லி நிறுவனத்தின் ஏ4-எச்2ஓ 11 லிட்டர். சில்வர்ஸ்டோனின் எஸ்ஜி13 பதினொன்றரை லிட்டர். கொள்ளளவில் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதில் 322 மி.மீ. நீளக் கார்டும் 240 மி.மீ. ரேடியேட்டரும் போகும், ஆனால் கைக்கடக்கமான எஸ்எஃப்எக்ஸ் ரக எஸ்எம்பிஎஸ்தான் பொருத்த முடியும். இரண்டாவதில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் போகும். ஆனால் கார்டு 270 மி.மீ.யோடு நின்றுவிட வேண்டும், 240 மி.மீ. ரேடியேட்டருக்கு இடமே கிடையாது. ஒரே கொள்ளளவுக்குள் முற்றிலும் வேறு வேறு இரண்டு கணினிகள். அந்தக் கொள்ளளவு உள்ளே எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பங்கீட்டுச் சண்டை எங்கிருந்து வந்தது என்பதற்கு மதர்போர்டின் வரலாற்றைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ள வேண்டும். 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவை வகுத்தது: 305 × 244 மி.மீ. இரண்டு ஆண்டு கழித்து 244 மி.மீ. சதுரமாக மைக்ரோ ஏடிஎக்ஸ் வந்தது. 2001-இல் தைவானைச் சேர்ந்த வியா நிறுவனம் 170 மி.மீ. சதுரத்தில் மினி ஐடிஎக்ஸை அறிமுகம் செய்தது. தன்னுடைய குறைந்த மின்சாரப் பிராசசர்களை விற்கத்தான் வியா அந்தச் சின்னப் போர்டைக் கொண்டுவந்தது. இருபது ஆண்டு கழித்து அதே சதுரத்தில் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும் கிராபிக்ஸ் கார்டைச் செருகுவார்கள் என்று அன்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். மினி ஐடிஎக்ஸ் வருவதற்கு முந்தைய ஆண்டுதான் ஆப்பிள் நிறுவனம் ஏறக்குறைய எட்டு அங்குலக் கனசதுரமாக, ஃபேனே இல்லாமல், பவர் மேக் ஜி4 கியூபை விற்பனைக்கு விட்டது. அழகில் குறையில்லை, ஓராண்டிலேயே உற்பத்தியை நிறுத்திவைத்தார்கள்.

விளையாட்டுக் கணினியை ஷூ பெட்டி அளவுக்குக் குறுக்கும் முயற்சி பெரிய நிறுவனங்களிடமிருந்து வரவில்லை. ஆர்வலர்கள் தாங்களே வரைந்து, கூட்டுநிதி திரட்டி, லியான் லி ஆலையில் செய்ய வைத்தார்கள். 2013-இல் என்கேஸ் எம்1 அப்படித்தான் வந்தது. ஜெர்மனியின் டேனியல் ஹான்சன் வடிவமைத்த டான் ஏ4-எஸ்எஃப்எக்ஸ் 2016-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாக வந்தது. 7.2 லிட்டர், ஆனாலும் முழு நீளக் கார்டு ஏற்கும். போர்டை ஒரு பக்கமும், கார்டை அதன் முதுகுப் பக்கமும் வைத்து, இரண்டையும் ஒரு ரைசர் கேபிளால் இணைக்கும் 'சாண்ட்விச்' அமைப்பை அது பரவலாக்கியது. 2020-இல் கூலர் மாஸ்டரின் என்ஆர்200 வந்த பிறகுதான் இந்த வகை சாதாரண விலைக்கு இறங்கியது.

இனி விஷயத்துக்கு வருவோம். கேபினெட்டின் அளவுத் தாளில் 'அதிகபட்ச கார்டு நீளம்', 'அதிகபட்சக் கூலர் உயரம்', 'அதிகபட்ச ரேடியேட்டர்' என்று வரிசையாக எண்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியே உண்மை. எல்லாம் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிறிய கேபினெட் வாங்கி ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

ஃப்ராக்டல் டிசைனின் டெர்ரா இதை ஒளிக்காமல் காட்டுகிறது. 10.4 லிட்டர் சாண்ட்விச் அமைப்பு அது. நடுவில் போர்டையும் கார்டையும் பிரிக்கும் தண்டை இடவலமாக நகர்த்தி வைக்கலாம். ஒரு கோடியில் வைத்தால் 77 மி.மீ. உயரக் கூலர் போகும். ஆனால் கார்டு 43 மி.மீ. தடிமனுக்குள் இருக்க வேண்டும். மறுகோடிக்குத் தள்ளினால் 72 மி.மீ. தடிமனான கார்டு போகும். கூலருக்கு 48 மி.மீ.தான் மிஞ்சும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள், எப்படி வைத்தாலும் 120 மி.மீ. 'கூலர் 77 வரை, கார்டு 72 வரை' என்று விற்பனைப் பக்கம் சொல்வதை நம்பி இரண்டையும் வாங்கினால் 29 மி.மீ. வெளியே நிற்கும். பிற கேபினெட்டுகளிலும் இந்தக் கழித்தல் உண்டு, பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் இருக்கும். பக்கவாட்டில் ரேடியேட்டர் வைத்தால் உயரக் கூலர் கிடையாது; நீள எஸ்எம்பிஎஸ் வைத்தால் கார்டின் நீளம் குறையும்; ஹார்டு டிஸ்க் தாங்கியைப் பொருத்தினால் கீழ் ஃபேன் போகாது.

ஆகவே எதிலிருந்து தொடங்குவது? என் தீர்ப்பு: கிராபிக்ஸ் கார்டிலிருந்து. உள்ளே போகும் பொருள்களில் மிகப் பெரியதும், அளவில் கட்டுப்பாடே இல்லாததும் அதுதான். போர்டுக்கு ஒரு தர அளவு உண்டு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உண்டு. கார்டுக்குப் பெயரளவில்தான். என்விடியாவின் சொந்த வடிவமைப்பில் ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 244 மி.மீ. நீளம், 112 மி.மீ. உயரம், இரண்டு ஸ்லாட் தடிமன். அதே சிப்பை வைத்து மற்ற நிறுவனங்கள் செய்யும் கார்டுகளில் 300 மி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு, மூன்று ஸ்லாட் பிடிப்பதும் உண்டு. பெட்டியில் '4070' என்று இருப்பதை மட்டும் பார்த்து கேபினெட் வாங்க முடியாது. அந்தக் கம்பெனியின் அந்த மாடல் எண்ணையே தேடி அளவெடுக்க வேண்டும். இந்தக் குழப்பம் முற்றியதால்தான் 2024-இல் என்விடியாவே ஒரு வரையறை வைத்தது: 304 மி.மீ. நீளம், மின்கேபிள் வளைவையும் சேர்த்து 151 மி.மீ. உயரம், 50 மி.மீ. தடிமன். இதற்குள் அடங்கும் கார்டுகளைச் 'சிறு கேபினெட்டுக்குத் தயார்' என்று அடையாளம் காட்டுகிறார்கள். சிறிய கேபினெட் விற்பவர்களும் தங்கள் பெட்டியில் இந்த அளவு போகுமா என்று சொல்லத் தொடங்கினார்கள். காலம் கடந்து வந்தாலும் உருப்படியான ஏற்பாடு.

அந்த வரையறையில் 'கேபிள் வளைவையும் சேர்த்து' என்ற பகுதியைக் கவனியுங்கள். நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், தடிமனைப் பாதிப் பேர் பார்க்கிறார்கள், உயரத்தை ஏறக்குறைய யாரும் பார்ப்பதில்லை. கார்டின் மேல்விளிம்பில்தான் மின்சாரச் சாக்கெட் இருக்கும். புதிய கார்டுகளில் வரும் 16 ஊசிச் சாக்கெட்டில் செருகும் கேபிளை, சாக்கெட்டிலிருந்து 35 மி.மீ. வரை வளைக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கிறார்கள்; தொடக்க காலத்தில் சில கார்டுகளில் அந்தச் சாக்கெட் உருகியது பெரிய செய்தியாகவே ஆனது. இப்போது கணக்குப் போடுங்கள். 140 மி.மீ. உயரமுள்ள ஒரு கார்டு, மேல்விளிம்பிலேயே சாக்கெட், அதன் மேல் 35 மி.மீ.: மொத்தம் 175. என்ஆர்200 கார்டு உயரத்துக்குத் தருவது 156 மி.மீ. நீளத்தில் தாராளமாகப் போகும் கார்டு. பக்கவாட்டுத் தகட்டை மூடும்போது கேபிளை நசுக்கும். சாக்கெட்டைக் கார்டுக்குள் குழித்து வைத்திருக்கும் மாடல்களில் இந்தத் தொல்லை குறைவு. தடிமனைப் பொறுத்தவரை ஒரு ஸ்லாட் என்பது 20.32 மி.மீ. 'இரண்டேகால்', 'இரண்டேமுக்கால்' ஸ்லாட் என்றெல்லாம் விற்கிறார்கள். அந்தக் காலும் முக்காலும் அகலக் கேபினெட்டில் ஒரு பொருட்டல்ல, டெர்ரா போன்றவற்றில் தண்டை நகர்த்தியே ஆக வேண்டும்.

கார்டே வேண்டாம் என்பவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். எட்டு கோரும் தேறிய கிராபிக்ஸும் ஒன்றாக உள்ள ரைசன் 7 8700ஜி போன்ற 65 வாட் பிராசசரை, 3.3 லிட்டர் இன்வின் சோப்பினில் வைத்து முடித்துவிடலாம். 150 வாட் எஸ்எம்பிஎஸ் அதனோடேயே வரும். ஆனால் அலுவலக வேலையும் பிரவுசிங்கும் மட்டுமே என்றால் அசெம்பிள் செய்யத்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசிக்கலாம். 12.7 செ.மீ. சதுரமும் 5 செ.மீ. உயரமுமாக 2024-இல் வந்த மேக் மினியின் சிறிய அளவை நாம் உதிரி வாங்கிச் சேர்த்து எட்ட முடியாது. இடைப்பட்ட வழியும் உண்டு. கூடுதல் மின்கேபிள் கேட்காத, 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு பாதி உயர வடிவில் கிடைக்கிறது. பழைய அலுவலக டெஸ்க்டாப்புகளின் ஒல்லிக் கேபினெட்டில்கூட அது உட்காரும்.

அடுத்தது கூலர். நோக்டுவாவின் என்எச்-எல்9 வரிசை 37 மி.மீ. உயரம், தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90 எக்ஸ்47 பெயரிலேயே சொல்வதுபோல 47, என்எச்-எல்12எஸ் 70, கோபுரக் கூலர்கள் 150-க்கு மேல். ஆனால் உயரம் பொருந்தினால் போதும் என்று நினைப்பது பாதிக் கணக்கு. பிராசசர் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டும் அது உண்மையில் இழுக்கும் வாட்டும் வேறு. ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட்டில் 65 வாட் என்று போட்டிருந்தால் 88 வரை இழுக்க அனுமதி உண்டு. 105 என்றால் 142. 170 என்றால் 230. இன்டெல் கோர் ஐ9 14900கே 125 வாட் என்று பெயர் வாங்கி 253 வரை போகும். 47 மி.மீ. கூலரை இதன் தலையில் வைத்தால் கூலர் பொருந்தும், கணினி திணறும். 65 வாட் பிராசசரை எடுப்பது, அல்லது பெரியதை வாங்கி பயோஸில் ஈக்கோ மோடுக்கு மாற்றிவிடுவது, இரண்டில் ஒன்றுதான் 10 லிட்டர் கேபினெட்டுக்கு ஒத்துவரும். விளையாட்டில் இதனால் போகும் வேகம் சொற்பம். அந்த வேலையில் பாரம் பெரும்பாலும் கார்டின் மேல்தான்.

தட்டையான கூலர் பிராசசருக்கு மேல் பரந்து விரிவதால் பக்கத்து வீடுகளிலும் இடிக்கும். மினி ஐடிஎக்ஸ் போர்டில் ரேமும், மின்சீராக்கியின் ஹீட்சிங்கும், பின்பக்க இணைப்புகளின் மூடியும் பிராசசரை நெருக்கியே நிற்கும். விளக்கு வைத்த ரேம் 44 மி.மீ. வரை உயரும், சாதாரண ரேம் 32-க்குள் இருக்கும். சிறிய கேபினெட்டில் விளக்கு வைத்த ரேம் வாங்குவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ரேடியேட்டர் வைப்பவர்கள் அதன் தடிமன் 27 மி.மீ.யோடு ஃபேனின் 25-ஐயும் கூட்டி 52 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இடம் போதாவிட்டால் 15 மி.மீ. ஒல்லி ஃபேன்கள் உண்டு, சத்தம் சற்றுக் கூடும். குழாய் வளைவதற்கும் இடம் விட வேண்டும். ரேடியேட்டர் முழுவதும் பம்புக்குக் கீழே போகும்படி வைத்தால் காற்றுக்குமிழி பம்பில் தங்கும், அப்படி வைக்கக்கூடாது.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் பெயரைவிட மூன்று அளவுகளை மனத்தில் வைத்தால் போதும். ஏடிஎக்ஸ் 150 × 86 மி.மீ., ஆழம் 140-இல் தொடங்கும். எஸ்எஃப்எக்ஸ் 125 × 63.5 × 100. எஸ்எஃப்எக்ஸ்-எல் அதையே 130 ஆழத்துக்கு நீட்டியது. உள்ளே 120 மி.மீ. ஃபேன் வைக்க முடிவதால் சத்தம் குறைய வாய்ப்புண்டு, ஆனால் அந்த 30 மி.மீ. கேபிள் திரும்பும் இடத்தை விழுங்கிவிடும். மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் கேபிள் செருகும் முனைக்கும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போகும். எஸ்ஜி13 ஏற்கும் 150 மி.மீ. ஆழத்தில் 150 மி.மீ. மாடுலர் ஒன்றை வாங்கி வந்தால், எஸ்எம்பிஎஸ் நுழையும், கேபிள் நுழையாது. இன்னொரு எச்சரிக்கை: ஒரு கம்பெனியின் மாடுலர் கேபிளை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் செருகாதீர்கள். முனை பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே ஊசி வரிசை வேறு. போர்டும் டிஸ்க்கும் புகைந்துவிடும்.

சாண்ட்விச் அமைப்பில் கூடுதலாக ஒரு உறுப்பு வருகிறது: ரைசர் கேபிள். போர்டின் பிசிஐஇ ஸ்லாட்டைக் கார்டு இருக்கும் பக்கத்துக்குக் கொண்டுபோகும் தட்டைக் கேபிள். பழைய கேபினெட்டோடு வந்தது மூன்றாம் தலைமுறை ரைசராக இருக்கலாம். போர்டும் கார்டும் நான்காம் தலைமுறையாக இருந்தால் திரையே வராமல் போகலாம், அல்லது விளையாட்டின் நடுவில் கணினி நின்றுபோகலாம். பயோஸில் அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்குப் பூட்டினால் சரியாகும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ரைசர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு என்இசட்எக்ஸ்டி எச்1 சாட்சி. ரைசரைச் சட்டத்தோடு பிணைத்த திருகுகள் மின்தடத்தைத் தொட்டுத் தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால், 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்போடு அந்தக் கேபினெட் திரும்பப் பெறப்பட்டது. நல்ல பெயருள்ள கம்பெனி, அழகான கேபினெட், காரணம் இரண்டே திருகு.

சூடு பற்றிப் பேசும்போது வெளிநாட்டுப் பரிசோதனை வீடியோக்களை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்த முடியாது. 21, 22 டிகிரி அறையில் ஓட்டி, 'கார்டு 74 டிகிரியில் நிற்கிறது' என்பார்கள். ஏசி இல்லாத சென்னை அறை மே மாதத்தில் 35 டிகிரி என்றால், அந்த வித்தியாசம் ஏறக்குறைய முழுவதுமாகக் கார்டின் மேல் ஏறும். இல்லையென்றால் ஃபேன் இரைந்து அதை ஈடுகட்டும். சிறிய கேபினெட்டில் கார்டும் கூலரும் பக்கவாட்டுத் துளைகள் வழியாக நேரே வெளிக்காற்றை இழுப்பது ஒரு வரம். பெரிய கண்ணாடிக் கேபினெட் சிலவற்றைவிட இவை குளிர்ச்சியாகவே ஓடும். அந்தத் துளைகளைச் சுவரோடு ஒட்டி வைத்தால் எல்லாம் வீண். பிற்பாதியில் காற்று ஊடுருவிப் போகும் வடிவக் கார்டுகள் தனிக் கதை. திறந்த கேபினெட்டில் அவை சிறப்பு; சாண்ட்விச்சில் அந்தச் சூடு நடுத் தகட்டில் மோதித் திரும்பும். தூசி இன்னொன்று. சாலையோர வீடு என்றால் வலை வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள், வடிகட்டி கழற்றிக் கழுவக்கூடியதா என்றும் பாருங்கள்.

கார்டின் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து வைப்பது சிறிய கேபினெட் உலகில் ஏறக்குறைய எல்லோரும் செய்வது. சில சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்தால் பத்துப் பத்தாக வாட் குறையும்.

அசெம்பிள் செய்யும்போது வரிசை தவறினால் இரண்டு முறை பிரிக்க வேண்டிவரும். பல மினி ஐடிஎக்ஸ் போர்டுகளில் இரண்டாவது எம்.2 டிஸ்க் போர்டின் முதுகில் இருக்கும். போர்டை உள்ளே திருகிய பிறகு அதற்குக் கை போகாது. முதலிலேயே செருகிவிட வேண்டும். கூலரின் பின்தகடும் அப்படியே. முன்பக்க யுஎஸ்பி-சி கேபிள் தடித்து முரண்டு பிடிக்கும். கார்டு போகுமுன் அதைச் செருகாவிட்டால் பிறகு விரல் நுழையாது. 24 ஊசி மின்கேபிளைப் போர்டை ஒட்டி மடித்து, கூலர் ஃபேனின் இறக்கையில் தட்டாமல் கட்ட வேண்டும்.

இவ்வளவும் படித்த பிறகு, யாருக்கு மினி ஐடிஎக்ஸ் என்று கேட்டால் நான் தயங்கித்தான் பதில் சொல்வேன். ஒரே வசதியுள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைவிட மினி ஐடிஎக்ஸ் போர்டு விலை கூடுதல். எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ் ஏடிஎக்ஸைவிட விலை கூடுதல். இரண்டும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில்கூட எல்லாக் கடையிலும் கிடைக்காது. பழுதானால் மறுநாளே மாற்றுவது கடினம். ஊர் ஊராகக் கணினியைத் தூக்கிப் போகிறவர், ஹாஸ்டல் மேசையில் மானிட்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியவர், கூடத்து டிவிக்குக் கீழே ஒளிக்க விரும்புகிறவர் இந்த விலையைக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. மற்றவர்களுக்கு நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. ஆசஸ் ஏபி201 33 லிட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ், 338 மி.மீ. கார்டு, 170 மி.மீ. கூலர் எல்லாம் போகும். டான் கேசஸும் லியான் லி-யும் சேர்ந்து 2024-இல் கொண்டுவந்த ஏ3 சுமார் 26 லிட்டரில் ஏறக்குறைய அதையே செய்கிறது. மிட் டவரோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரியும் அளவு சிறியவை. நாளைக்குப் பெரிய கார்டு வாங்கினால் கேபினெட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் வாங்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் கார்டின் மாடல், பிறகு அதற்குப் பொருந்தும் கேபினெட், பிறகு அந்தக் கேபினெட் மிச்சம் வைக்கும் இடத்துக்குள் கூலரும் எஸ்எம்பிஎஸ்ஸும். விற்பனைப் பக்கத்தோடு நிற்காதீர்கள். எந்த நிலையில் எந்த அளவு என்பது கேபினெட்டின் கையேட்டில் படத்தோடு இருக்கும், கம்பெனிகள் அதை இலவசமாகவே தருகின்றன. பணம் கட்டுமுன் அதைத் தரவிறக்கி, உங்கள் கார்டின் மூன்று அளவுகளையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள்.